உங்கள் கேள்வித்தாள் எங்கே, ஆசிரியரே?

"நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வராது சார்!"

இந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள், ஆசிரியரே!

யாருக்கு வராது? அப்பா பெங்களூருவில் கட்டட வேலை, அம்மா மாந்தோப்பில் கூலி. ஆனாலும் வகுப்பில் முதலில் கை தூக்குகிறாளே, அந்தச் சாமல்பட்டிப் பிள்ளைக்கா?

எட்டாம் வகுப்பில் அவளுக்காக என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு காத்திருக்கிறது. மனத்திறனில் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவிலும் 90 கேள்வி, 90 நிமிடம்.

தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000! கூலி வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காமல் தொடர இது போதாதா?

ஒரு கேள்விக்கு ஒரே நிமிடம். இந்த வேகத்தை உங்கள் வகுப்பில் என்றைக்குப் பழக்கினீர்கள்?

பாடத்தின் பின்னால் உள்ள வினாவையே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அவள் மனப்பாடம் செய்தாள். தேர்வில் கேள்வி மாறி வரும். திகைத்துப்போவாள்.

தோற்பது அவளா? உங்கள் கேள்வித்தாளா?

நேரமில்லையா? பத்துக் கேள்வி எழுத ஒரு மாலைப்பொழுது கிடைக்காதா? பயிற்சி மையம் இல்லையா? கரும்பலகை இருக்கிறதே!

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையா? 'இதில் என்ன கேட்கிறார்கள்?' என்று அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு விடை எழுதட்டும்!

1/2 + 1/3 எவ்வளவு? 2/5 என்கிறாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள்.

திட்டாதீர்கள்! அந்தத் தவறு உங்களுக்குக் கிடைத்த புதையல்!

அடுத்த தேர்வில் 5/6க்குப் பக்கத்திலேயே 2/5ஐயும் வையுங்கள். எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று எண்ணுங்கள். நாளை எதை நடத்த வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்!

மதிப்பெண் போட்டுத் தாளைக் கட்டி வைக்கவா தேர்வு வைக்கிறீர்கள்? தவறு எங்கே பிறந்தது என்று தேடுங்கள்!

நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். என்.எம்.எம்.எஸ். தேர்வில் போகாது. ஒரு கேள்வியையும் விடாமல் எழுதப் பழக்குங்கள். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பவும் பழக்குங்கள்.

முதல் வாரம் பாதிப் பேர் தோற்பார்கள் என்று பயமா?

தோற்கட்டும்! இங்கே தோற்றால் திருத்த நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே தோற்றால் யார் இருக்கிறார்கள்?

இந்த வெள்ளிக்கிழமை பத்துக் கேள்வி. பத்தே நிமிடம். நீங்களே எழுதிய தாள்.

பேனாவை எடுங்கள், ஆசிரியரே! முதல் கேள்வியை இன்றே எழுதுங்கள்!