யாருக்குப் பாக்கி?

2024 டிசம்பர் 28. ஒரு வேலையாக மணலி பக்கம் போனவன், சடையங்குப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். சாலையோரம் ஷாமியானா. மாலை போட்ட விஜயகாந்த் படம். பக்கத்தில் ஒரு அண்டா நிறைய சாம்பார் சாதம். முதலாம் ஆண்டு நினைவு நாள்.

கரண்டியோடு நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். வெல்டர் வேலையாம்.

''மன்றமா, கட்சியா?''

''ரெண்டும் இல்ல சார். சொந்தக் காசு.''

''அவ்வளவு பெரிய ரசிகரா?''

சங்கடமாகச் சிரித்தார். ''அப்படிலாம் இல்ல சார். அவுரு மேடையில பேச முடியாம தடுமாறுற வீடியோ வரும்ல... அத்த நானே எத்தினி பேருக்கு அனுப்பிச்சிருக்கேன் தெரியுமா? உடம்பு முடியாத மனுஷன வெச்சு சிரிச்சிருக்கோமேன்னு, போனப்புறம்தான் உறைச்சுது. மனசு கேக்கல.''

எனக்குச் சுருக்கென்றது. நானும் பார்த்தவன்தான். பார்த்ததோடு நிற்கவில்லை. அவரை மாதிரியே பேசிக் காட்டி, ஆபீஸில் கைதட்டல் வாங்கியவன்!

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் மிக்ஜாம் புயல். இந்தப் பக்கமெல்லாம் வெள்ளம். கூடவே எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய்ப் படலம். 26-ம் தேதி நள்ளிரவு அமோனியா வாயு கசிந்து, எண்ணூர் ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 28-ம் தேதி காலை விஜயகாந்த் இறந்த செய்தி. மறுநாள் தீவுத்திடலுக்கு இவர் தெருவிலிருந்தே ஒரு வேன் போனதாம்.

'வீட்டுக்குள் சேறு காயவில்லை. நடிகருக்காக அழப் போகிறார்களே...' என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். அன்று நானும் அந்தக் கட்சிதான். இப்போது தோன்றுகிறது, துக்கம் என்ன ரேஷன் சர்க்கரையா, இவ்வளவுதான் என்று அளந்து செலவழிக்க?

அவர் ஒன்றும் சும்மா போனவர் இல்லை. தான் சாப்பிடுவதையே யூனிட்டில் கடைசித் தொழிலாளி வரைக்கும் போட வைத்தவர். 1986-ல் 'ஊமை விழிகள்' எடுக்க வந்த திரைப்படக் கல்லூரி இளைஞர்களை நம்பி நடித்தவர். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது, வெளிநாட்டில் நட்சத்திர விழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தவர். இதெல்லாம் செத்த பிறகு தெரிந்த ரகசியமா? இல்லை. அவர் இருக்கும்போதே எல்லோரும் சொன்னதுதான். நமக்குச் சிரிப்பதுதான் சுலபமாக இருந்தது.

ரசிகர்களின் துக்கத்துக்கு நம் ஊரில் ஒரு பழைய முகமும் உண்டு. 1987-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது கடைகள் சூறையாடப்பட்டன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 2006-ல் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் கலவரம், உயிர்ப்பலி. ஆனால் 2021-ல்? ஏப்ரலில் விவேக் போனபோது ரசிகர்கள் மரக்கன்று நட்டார்கள். அக்டோபரில் அதே ராஜ்குமாரின் மகன் புனித் போனபோது அவர் கண்கள் தானமாகத் தரப்பட்டன. அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அழுகை அதேதான். அது போய்ச் சேரும் இடம்தான் மாறிவிட்டது.

நான் பி.காம். படித்தவன். கடன் கொடுத்தவர் இறந்துபோனால் கடன் ரத்தாகிவிடாது, வாரிசுக்குக் கட்ட வேண்டும் என்பது எங்களுக்கு வகுப்பில் சொன்னது. ஒரு கலைஞனிடம் நாம் பட்ட கடனை யாரிடம் கட்டுவது? 'கேப்டன், மன்னிச்சிடுங்க' என்று ஸ்டேட்டஸ் போடலாம். மன்னிக்க அவர் இல்லையே! அந்த மன்னிப்பு நம் மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கும். அவ்வளவுதான். அவரைப் போலவே பசியோடு, நோயோடு, தடுமாறிக்கொண்டு இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள்தான் வாரிசு. சடையங்குப்பத்து வெல்டர் இதைப் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

தட்டேந்தி நின்றவர்களில் பாதிப்பேர் டிரெய்லர் லாரி டிரைவர்கள், கிளீனர்கள். வடக்கிலிருந்து வந்த ஒரு பையன் படத்தைக் காட்டி, அரைகுறைத் தமிழில் ''யாரு?'' என்றான்.

''சோறு போட்டவரு. நீ சாப்புடு நைனா'' என்றார் வெல்டர்.

வண்டியை எடுக்கும்போது போன் சிணுங்கியது. ஒரு வயதான நடிகர், ஏதோ விழாவில் படியேற முடியாமல் தடுமாறும் வீடியோ. கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அனுப்பியவன் என் நெருங்கிய நண்பன்.

'அவருக்கு உடம்புக்கு என்னடா?' என்று பதில் போட்டேன்.