முறையிடாத கண்

கொல்லிமலையின் சிற்றூர் ஒன்றில் வளரும் குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால், அது யாரிடமும் முறையிடாது. பிறந்தது முதல் உலகம் அதற்கு அப்படித்தான் தெரிகிறது. மற்றொரு கண் நன்றாக இருப்பதால் ஓடும், மரம் ஏறும், மிளகுக்கொடிகளுக்கு நடுவே புகுந்து வரும். பெற்றோருக்கும் ஐயம் எழாது. ஒருபோதும் பெறாத ஒன்றின் இன்மையை ஒருவர் எப்படி அறிவார் என்ற மெய்யியல் கேள்வி இங்கே மருத்துவக் கேள்வியாகிவிடுகிறது.

இதற்கு நெருங்கிய கேள்வி ஒன்றை வில்லியம் மாலிநியூ 1688இல் மெய்யியலாளர் ஜான் லாக்குக்கு எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்றவர், தொட்டு மட்டுமே அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும், பார்வை வந்ததும் கண்ணால் பிரித்துச் சொல்வாரா? நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு, இந்தியாவில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற சிறாரிடம் இதைச் சோதித்து 2011இல் விடை வெளியிட்டது: உடனே முடியவில்லை, சில நாட்களில் கைகூடியது. ஆக, பார்வை கண் திறந்ததும் முழுமையாக வந்துவிடுவதில்லை. மூளை அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்குப் பருவம் உண்டு. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்து நரம்பியல் ஆய்வாளர்கள் ஹ்யூபலும் வீசலும் 1960களில் செய்த ஆய்வுகள், பயன்படாத கண்ணை மூளை ஒதுக்கிவிடுவதைக் காட்டின. 1981இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குழந்தைகளிடம் இதுவே சோம்பல் கண். மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் வேறுபாட்டாலோ வரும். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் சோம்பல் கண் வேலை செய்யத் தொடங்கும். ஏழு வயதுக்கு முன் பலன் அதிகம். பிறகு குறைந்துகொண்டே போகும்.

குறையை உணராதவருக்கு அது குறையே அல்ல என்று வாதிடலாம். வளர்ந்தவர் விஷயத்தில் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார். ஆனால் குழந்தை முடிவு செய்யும் வயதை எட்டுவதற்குள் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. ஆகவே இங்கே அந்த வாதம் நிற்காது.

அறப்பளீசுவரர் கோயில் கொண்ட கொல்லிமலையில் சைவம் சொல்வதையும் கேட்கலாம். மெய்கண்டாரின் சிவஞான போதம், 11ஆம் நூற்பாவில், கண் தானாகக் காண்பதில்லை, உயிர் காட்டவே காண்கிறது என்கிறது. அந்த உயிருக்கும் இறைவன் காட்ட வேண்டும். இதைக் காட்டும் உபகாரம் என்பார்கள். நூல் பேசுவது இறையருளைப் பற்றி. ஆனாலும் காண்பவருக்குக் காட்டுபவர் தேவை என்ற அமைப்பு இங்கும் பொருந்துகிறது. முன்வினை என்று கைவிடுவோருக்கும் பதில் உண்டு: குறை வந்ததை வினைக்கணக்கில் எழுதுபவர், கண்ணாடி வந்து சேர்வதையும் அதே கணக்கில் எழுதலாமே.

முறையிடாதவரைத் தேடித்தான் போக வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டைத் தாண்டிச் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குச் சோதனை வர வேண்டும். குழந்தை இறங்கி வரட்டும் என்று காத்திருப்பது சரியல்ல. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை பார்க்க வேண்டும். எழுத்தறியாத குழந்தைக்கு ஆங்கில ‘E’ எழுத்து அட்டை போதும். அதன் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று விரலால் காட்டினால் சரி. ஆனால் இரு கண்களையும் சேர்த்துச் சோதித்தால் சோம்பல் கண் தப்பிவிடும். ஒரு கண்ணை முழுதாக மூடி, மற்றதைத் தனியே பார்த்தார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும்.