மகளுக்கொரு காணி

சாய்ந்தமருதில் மகளுக்கு வீடு கட்டக் காணி தேடுகிறேன். எங்கள் பகுதியில் அது தகப்பனின் கடன் என்றாகிவிட்டது. அது சரியா என்பது வேறொரு கட்டுரை. கடலும் வேண்டும், கல்முனை பஸாரும் எட்ட வேண்டும் என்பது என் ஆசை.

2004 சுனாமிக்குப் பின், கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் கட்டத் தடை வந்தது, பிறகு தளர்ந்தது. தோணிக்காரருக்குக் கரை தொழில். எனக்கோ வெறும் காற்று. அந்தக் காற்றுக்காக, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளை அங்கே உறங்கவைக்க எனக்கென்ன உரிமை?

மேற்கே கரைவாகு வயலை மண்போட்டு நிரப்பி விற்கிறார்கள். அங்கே கடற்பயமில்லை. ஆனால் மாரியில் வயலில் நிற்க வேண்டிய வெள்ளம் எங்கே போகும்?

மகளிடமே கேட்டேன்.

“சாச்சிட ஊட்டுக்குத்தானே வாப்பா போகும்?” என்றாள்.