சுட்டு வீழ்த்திய பட்டம்



தலையான பாவங்கள் ஏழில் ஒன்று காய்மகாரம். அது ஏழைக்குத்தான் வரும், வயிறு நிறைந்தவனுக்கு வராது என்று எண்ணுகிறோம். அப்படியல்லவென்று ஒரு சிறு படம் காட்டுகிறது. வங்காளத்து சத்தியஜித் ராய் 1964-ம் வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த அதன் பெயர் ‘டூ’, அதாவது இரண்டு. ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சில்லை.

பட்டணத்து மாளிகையில் ஒரு சிறுவன், அறை நிறைய விளையாட்டுச் சாமான்களோடு தனியே இருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே ஒரு குடிசைப் பையன் புல்லாங்குழல் ஊதுகிறான். உடனே இவன் எக்காளத்தை எடுத்து அதை அமுக்குகிறான். அவன் மேளம் கொண்டுவந்தால், இவன் மேளமடிக்கும் குரங்குப் பொம்மையைக் காட்டுகிறான். தோற்றுப்போன ஏழைப் பையன் கடைசியில் ஒரு பட்டம் விடுகிறான். பணக்காரச் சிறுவன் அதைக் கவணால் அடித்துப் பார்க்கிறான், முடியவில்லை. காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறான்.

கவனியுங்கள்: தனக்கும் ஒரு பட்டம் வேண்டுமென்று அவன் ஆசைப்படவில்லை. அவனுக்குப் பட்டம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பிறர் நன்மையைக் கண்டு துக்கப்படுவதே காய்மகாரம் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதிக்கிறார். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் முறுமுறுத்ததும் இதனால்தானே! பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. பிந்தி வந்தவனும் அதே கூலி பெற்றதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நம்மைச் சோதித்துப் பார்ப்போம். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நம் வேதாரண்யம் கரையேறியபோது ஓட்டு வீடு, கூரை வீடு என்று பார்க்கவில்லை. எல்லாரும் இருட்டில் இருந்தோம். அடுத்த தெருவில் முதலில் விளக்கு எரிந்தபோது, “அவர்களுக்காவது வந்ததே, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்” என்றோமா? வயிறெரிந்தோமா? அந்த விளக்கு அணைந்தால் நம் வீட்டில் வெளிச்சம் வந்துவிடுமா?

பட்டம் விழுந்த பிறகு அச்சிறுவனுக்குக் கிடைத்தது என்ன? பொம்மைகள் இரைகின்றன, அந்த இரைச்சலையும் மீறிப் புல்லாங்குழல் மறுபடியும் கேட்கிறது. அவனுடைய இயந்திரப் பொம்மையே அவன் அடுக்கிய கோபுரத்தை இடித்துத் தள்ளுகிறது. அவன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான்.

பிரியமானவர்களே, யாருடைய நலத்தைக் கண்டால் நம் மனம் கசக்கிறதோ, அவர்களுக்காக இந்த வாரம் தினமும் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லுவோம். நம் பிள்ளைகளையும் சொல்லப் பழக்குவோம். பிறனுக்காக மனதார வேண்டுகிறவன் கையில் துப்பாக்கி நெடுநேரம் தங்காது.

ஆமென்.