மனமும் மேஜையும்

ஸ்தாபனங்களுக்கு ஊழியர்களின் மனத்தில் அக்கறை பிறந்திருக்கிறது. இதைப் பரிகசிப்பது சுலபம்; எனக்கு அதில் விருப்பமில்லை. 2022-ல் வேலையிடத்து மனநலம் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட உலக சுகாதார ஸ்தாபனம், மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழப்பதாகக் கணக்குச் சொன்னது. துயரத்தை நாட்களாக மாற்றிச் சொன்னால்தான் நிர்வாகங்களின் காதில் ஏறும் போலிருக்கிறது. என் கேள்வி வேறு. உழைப்பை விலைக்கு வாங்கியவன், மனத்தை விசாரிக்கும் உரிமையையும் சேர்த்து வாங்கியிருக்கிறானா?

சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் இது ஒருமுறை பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1928-லிருந்து 1930 வரை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி தன் தொழிலாளர்களில் 21,000-க்கும் மேற்பட்டவர்களைப் பேசவிட்டுக் கேட்டது. பேசியதே பலருக்கு ஆறுதலாயிருந்தது. 1936-ல் கேட்பதற்கென்றே ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டார்கள். கேட்டதை மேலே சொல்லமாட்டார்கள். அது நல்ல விஷயம். ஆனால் கூலியையோ வேகத்தையோ மேஸ்திரியையோ மாற்ற அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. புகார் என்பது வேறெதோ ஒன்றின் அறிகுறி என்பது அங்கே உருவான சித்தாந்தம். கூலி குறைவு என்று ஒருவன் சொன்னதற்கு, மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதால் வந்த கவலை என்று விளக்கம் கண்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கூலி போதவில்லை என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பெரிய மனோதத்துவம் தேவையில்லை.

மெல்வில் 1853-ல் எழுதிய 'பார்ட்ல்பி'யில் வரும் வக்கீல் இந்த ஆலோசகர்களின் முன்னோடி. உண்மையிலேயே நல்லவர். வேலை செய்ய மறுக்கும் குமாஸ்தாவைப் பொறுத்துக்கொள்கிறார், பணம் தருகிறார், கடைசியில் தன் வீட்டுக்கே அழைக்கிறார். அவனுடைய ஆத்மாவைத் தன்னால் எட்ட முடியவில்லை என்று வருந்துகிறார். மூன்றடி தள்ளி ஒரு சுவர் நிற்க, அதைப் பார்த்த ஜன்னலோரம் அவனுக்கு அவர் போட்டுக்கொடுத்த மேஜையோ எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நகர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆபீஸையே காலிசெய்துகொண்டு போகிறார்.

பாங்கில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒரு வினோதத்தைச் சொல்லவேண்டும். முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுதோறும், முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் லீவில் அனுப்பவேண்டும் என்கிறது ரிசர்வ் பாங்கின் 2021 சுற்றறிக்கை. அந்த நாட்களில், பொதுவான மின்னஞ்சல் தவிர, அவர்கள் ஆபீஸ் வேலை எதையும் தொடமுடியாது. நோக்கம் இளைப்பாறல் அல்ல. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் மோசடி இருப்பின் வெளிவரும் என்பதுதான். சாதாரணமாக லீவு கேட்டால் 'ஆள் எங்கே?' என்கிறார்கள், இதற்கு மட்டும் ஆள் கிடைத்துவிடுகிறது. சந்தேகத்தில் பிறந்த இந்த விதி, கனிவில் பிறந்த பல சுற்றறிக்கைகளைவிட முழுமையான ஓய்வைத் தருகிறது என்றால், அது உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமல் வேலையை மட்டும் தள்ளிவைப்பதால்தான். மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு வரச்சொல்லும் நிர்வாகம், வகுப்பு முடிந்ததும் அதே கவுண்ட்டருக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஆக, முதலாளி எதையும் தெரிந்துகொள்ளக் கூடாதா? ஜப்பான் ஒரு வழி கண்டிருக்கிறது. 2015 டிசம்பரிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை மன அழுத்தப் பரிசோதனை நடத்தவேண்டும். முடிவு ஊழியரிடம் போகிறது. அவர் சம்மதமின்றி முதலாளிக்குப் போகக்கூடாது. பிரிவுவாரியான தொகுப்பை நிர்வாகம் பார்க்கலாம். எந்தப் பிரிவு ஆட்களை நசுக்குகிறது என்று தெரிய, நசுங்கியவரின் பெயர் அவசியமில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமானது. எல்லா மனநோயும் ஆபீஸில் உற்பத்தியாவதில்லை. மேஜையை நகர்த்தியும் ஒருவன் தேறாமல் போகலாம். அப்போது? மனநோயையும் உள்ளடக்கிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு ஸ்தாபனங்களுக்குச் சொல்வது: பணிக்காலத்தில் பாதிக்கப்பட்டவரை நீக்காதே, பதவியைக் குறைக்காதே, பழைய வேலை இயலாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு, அதுவும் இல்லையென்றால் பொருத்தமான இடம் காலியாகும்வரை, அல்லது ஓய்வு பெறும்வரை, உபரிப் பதவி ஒன்றில் வைத்திரு. அன்பு காட்டச் சொல்லவில்லை சட்டம், நாற்காலியைப் பறிக்காதே என்கிறது. பார்ட்ல்பிக்கு அப்படி ஓர் உபரி நாற்காலி கிடைத்திருந்தால் உட்கார்ந்திருப்பானா? அதையும் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்.