கத்தி பிடிக்காத கை

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஓடுகிற ஐயாற்றில் மீன் பிடிக்கக் கூடாது. மீன்தான் அங்கே சாமி. யாரோ ஒருத்தன் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தானாம். துண்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, உயிரோடு துள்ளி ஆற்றுக்கே போய்விட்டதாம். ஆடிப் பதினெட்டுக்கு மலையேறி வருகிற கூட்டம் இன்றைக்கும் அந்த மீன்களைக் கும்பிடுகிறது. நல்ல கதைதான். ஆனால் இதில் குற்றவாளி யாரென்று பாருங்கள். பிடித்தவன், அறுத்தவன், பசிக்குத் தின்ன நினைத்தவன்.

அதே மலையின் ஓடைகளைத் தடுத்துத் திருப்பிக் கீழே இறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்க மின்வாரியம் திட்டம் போட்டது. ஆகாயகங்கை அருவி வற்றிப்போகும், ஐயாறு காய்ந்துபோகும் என்று மலை மக்களும், அடிவாரத்தில் அந்த ஆற்றை நம்பி வெள்ளாமை செய்கிறவர்களும் எதிர்த்தார்கள். தூண்டில் போட்டால் சாமி குத்தம். தண்ணியையே எடுத்துட்டா? அதுக்குக் குத்தம் ஒண்ணும் கிடையாது. அதுக்குப் பேரு வளர்ச்சி.

அப்படியென்றால் கொலை என்பது எது?

நமக்கு இது புத்தகத்தில் படித்த கேள்வி இல்லை. செத்த மாட்டை அறுத்தவன் பாவி, தோலை உரித்தவன் தீட்டு, வலை வீசியவன் கீழ்ச்சாதி. மாட்டை எலும்பு தெரியும்வரை ஏரில் பூட்டியவன் மட்டும் ஜீவகாருண்யன். கையில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தே பாவத்தை அளந்த சமூகம் இது. அந்த அளவுகோல் ஊர்த் தெருவோடு நின்றுவிடவில்லை. அரசாங்கத்தின் காட்டுச் சட்டத்திலும் ஆற்றுச் சட்டத்திலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. கங்கையில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும்.

அங்கே ஒரு டால்பின் இருக்கிறது. நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்களே, அந்த இனம். ஆனால் இது ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே சாவது. மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுப்பது. மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும். கண் அநேகமாகத் தெரியாது. கலங்கல் தண்ணீரில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சத்தம் எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டே வழியையும் இரையையும் கண்டுகொள்கிறது. கல்கத்தா துறைமுகம் மண் மேடிட்டுப் போகாமல் இருக்கத் தண்ணீரைத் திருப்பவேண்டுமென்று 1975இல் ஃபரக்காவில் கங்கைக்குக் குறுக்கே தடுப்பணை வந்தது. மேலே இருந்த டால்பின் மேலே, கீழே இருந்தது கீழே. கடலிலிருந்து பீகார் தாண்டியும் ஏறிப்போன இல்ஷா மீன் வரத்து அற்றுப்போயிற்று. அதை நம்பியிருந்த மீனவர் வீட்டில் அடுப்பும் அணைந்தது.

இதே பீகாரில் பாகல்பூர் பக்கம், சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கங்கை இரண்டு ஜமீன் குடும்பங்களின் சொத்தாக இருந்தது. நிலம் இல்லை, ஆறு. ஓடுகிற தண்ணீருக்குப் பட்டா! வலை போட்டவன் அவர்களுக்குக் கப்பம் கட்டினான். 1982இல் கஹல்கானில் மீனவர்கள் கங்கா முக்தி ஆந்தோலன் என்று கிளம்பி, பத்து வருசம் போல அடிபட்டு, மிதிபட்டு அந்த நீர் ஜமீனை ஒழித்தார்கள். 1991இல் அதே கங்கையில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்கான் வரை விக்ரமசீலா டால்பின் சரணாலயம் என்று அறிவிப்பு வந்தது. ஜமீன்தார் போனான், வனத்துறை வந்தது.

நியாயத்தைப் பேசிவிட வேண்டும். வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகிற டால்பின்கள் உண்டு. அதன் எண்ணெயைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்திய மீனவர்களும் உண்டு. நம்மாட்கள் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வலைக்காரனைப் பிடிக்கச் சட்டமும் படகும் இருக்கின்றன. ஆற்றின் குறுக்கே நிற்கிற சுவரை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது? 2009இல் டால்பினுக்குத் தேசிய நீர்வாழ் விலங்கு என்று பட்டம் கொடுத்தார்கள். நாடு முழுக்க எண்ணிப் பார்த்து ஆற்று டால்பின்கள் 6,327 என்று 2025இல் கணக்குச் சொன்னார்கள். பட்டமும் கணக்கும் ஆயிற்று. ஃபரக்கா அதே இடத்தில் நிற்கிறது.

நாம் புத்தர் பக்கம் நிற்கிறவர்கள், அதனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அசோகனின் ஐந்தாம் தூண் சாசனம் கொல்லக்கூடாத உயிர்களை அடுக்கும்போது கங்கைப் பிராணி ஒன்றையும் சொல்கிறது. அது இந்த டால்பின்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதே சாசனம் குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாதென்கிறது. அந்த நாட்களில் மீனவன் எதைத் தின்றான்? அதைக் கல்லில் யாரும் வெட்டி வைக்கவில்லை.

"டால்பின் செத்தா நமக்கென்ன, நம்ம சாவுக்கு எவன் அழுதான்?" என்று கூட்டங்களில் தோழர்கள் கேட்கிறார்கள். கோபம் சரி, முடிவு தப்பு. இன்றைய வங்கதேசத்தில் கர்ணபூலி ஆற்றில் 1962இல் காப்தாய் அணை முடிந்தது. சிட்டகாங் மலைப்பகுதியின் விளைநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மூழ்கியது. சக்மா முதலான மலைமக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அணைக்கு மேலே மாட்டிக்கொண்ட டால்பின்களும் சில ஆண்டுகளில் இல்லாமல் போயின. ஒரே சுவர், ஒரே தண்ணீர். சக்மாவுக்கு அழுவதா டால்பினுக்கு அழுவதா என்று நம்மைப் பிரித்துக் கேட்கிறவன், சுவர் கட்டியவனைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காகத்தான் கேட்கிறான்.

இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று. அம்பேத்கரே அணைகளை ஆதரித்தவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் திட்டத்துக்கும் மகாநதித் திட்டத்துக்கும் அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். வெள்ளமும் பஞ்சமும் ஒழியணும், மின்சாரம் வரணும், ஆலை வரணும், சேரிக்காரன் பண்ணைக்கூலியிலிருந்து தப்பணும் என்று கனவு கண்டார். அதை நான் கைவிடத் தயாரில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவனிடம் போய் இருட்டின் அழகைப் பேச முடியாது. ஆனால் 1927இல் மகாடில் ஆடுமாடு குடித்த குளத்தில் நாம் குடிக்கக் கூடாது என்றபோது, அவர் மாட்டை விரட்டச் சொல்லவில்லை. தண்ணீர் எல்லாருக்கும் என்றார். அந்தக் கையாலேயே அணைகளையும் அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன். யாருடைய தண்ணீர் போகிறது, யாருடைய விளக்கு எரிகிறது, போகிறவனைக் கேட்டார்களா என்று. கேட்க வாயில்லாத உயிருக்கு யார் பேசுவது என்றும்தான். அந்த வேலையை மீனவனும் மலைக்காரனும் செய்தால் அதை நாம் சிரித்து ஒதுக்கக் கூடாது.

செம்மேட்டில் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் தெரியாத விலங்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப செவுரு கட்டினது அதுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"மேல போக முடியாதப்பத்தான்யா தெரிஞ்சிருக்கும்."

டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பிறகு கேட்டார். "அந்த மலைச்சனம் சொன்னியே, அவங்களுக்காவது கரண்டு வந்துச்சா?"

நிறையப் பேர் எல்லை தாண்டி நம்ம நாட்டுக்கு வந்துட்டாங்க, அருணாச்சலத்துல குடியிருக்க உரிமை கேட்டு 1996இல் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் வழக்குப் போச்சு என்றேன். கரண்டு பற்றி அவர் திரும்பக் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்க்க எழுந்தார்.