உள்ளே ஈயம் இருக்கிறதா?

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூரில் அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மூதாட்டி பித்தளைக் குண்டான் ஒன்றைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். பொன்னெனப் பளபளத்தது. 'இதில்தான் ரசம் வைக்கிறீர்களா அம்மா?' என்றேன்.

'இல்லை சுவாமி, உள்ளே ஈயம் போய்விட்டது. இனிப் புளி சேர்ந்தால் களிம்பு ஊறும்' என்றார்.

தட்சிணேசுவரத்தில் 1865-ஆம் ஆண்டு வாக்கில் 11 மாதங்கள் தங்கிய தோதாபுரி நினைவுக்கு வந்தார். அத்வைத ஞானியான அவர் தமது பித்தளை லோட்டாவை நாள்தோறும் துலக்குவார். நாள்தோறும் தியானமும் செய்வார். ஞானம் பெற்ற பின்னும் தியானம் எதற்கு என்று குருதேவர் வினவ, துலக்காத பாத்திரம் மங்கிவிடும் என்றார் அவர். பாத்திரமே பொன்னாக இருந்தாலோ என்று குருதேவர் திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வியை நாம் அவசரமாக நமக்குரியதாக்கிக்கொள்கிறோம். 'நான் ஆத்மா, எனக்கு ஜபம் எதற்கு?' என்பவர்களை (காவி உடுத்தோரும் உண்டு) கண்டிருக்கிறேன். சைவ சித்தாந்திகள் இதில் கண்டிப்பானவர்கள். தாமிரத்தின் களிம்பு இடையில் ஒட்டியதன்று, உடன்பிறந்தது. ஆணவமும் அத்தகையதே என்பர். பித்தளையிலும் பெரும்பகுதி தாமிரமே.

வெளிப்புறத்தை ஊரே பார்க்கும். உள்ளே வெள்ளீயம் தேய்ந்ததை உண்பவர் அறியார். சமைப்பவர்தாம் குனிந்து பார்க்க வேண்டும். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் பரப்பத் தெரிந்தவர்கள் இன்று அரிதாகிவிட்டனர். அம்மூதாட்டி அவர்களில் ஒருவருக்காகக் காத்திருந்தார். அன்றைய ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்தது.